பஸ் முதலாளி மகள் கட்டிய கிராமக் கல்லூரி

திண்டுக்கல்லில் மதுரைக்கு ரயில் ஏறினால் இடது பக்கம் ஒரு மலை கூடவே வரும். பெயர்தான் சிறுமலை. ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய மலை என்று தெரியும். மேலே போகும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். வாழை, பலா, மிளகு, காப்பி எல்லாம் அங்கே விளையும். வண்டி போகாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில்தான் மூட்டை இறங்கும்.

ரயில் கொஞ்ச தூரம் போனதும் அம்பாத்துரை ஸ்டேஷன் வரும். பக்கத்தில் நெசவாளர்கள் நிறைந்த சின்னாளபட்டி. இந்த இரண்டுக்கும் அருகே, மலையடிவாரத்தில், மரங்கள் சூழ்ந்த ஓர் இடம் உண்டு. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, கதர்த் தொழில் இருக்கிறது, பெரிய கல்வி நிலையமும் இருக்கிறது. அதுதான் காந்திகிராமம்.

வணிக நிர்வாகம் என்று ஒரு படிப்பு இருப்பது இன்று எல்லோருக்கும் தெரியும். பி.பி.ஏ. என்பார்கள். மூன்று வருஷப் படிப்பு. ஒரு தொழிலை எப்படித் தொடங்குவது, கணக்கை எப்படி வைப்பது, ஆட்களை எப்படி நடத்துவது, சரக்கை எங்கே விற்பது என்பதையெல்லாம் சொல்லித் தருவார்கள். பட்டணத்துக் கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருப்பதில் அதிசயம் இல்லை. சிறுமலை அடிவாரத்தில், தறிச் சத்தத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவே அது வந்ததுதான் அதிசயம்.

அது வருவதற்கு வழி திறந்தவர் வணிகம் படித்தவர் அல்ல. அவர் ஒரு டாக்டர். அந்த நாளில் பெரும்பாலும் மூலையில் உட்கார வைக்கப்பட்ட இளம் விதவைகளில் ஒருவர். டாக்டர் சௌந்தரம் அம்மையார்.

வேலையை விட்ட அப்பா

சௌந்தரம் 1904-ம் வருஷம் பிறந்தார். தகப்பனார் டி.வி. சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? அந்த எழுத்துக்களுக்கு உரியவர் இவர்தான்.

சுந்தரம் அய்யங்கார் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். சட்டம் படித்தார். ரயில்வேயில் வேலை பார்த்தார். பாங்கியிலும் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் மாதச் சம்பளம் வரும் உத்தியோகம் கிடைத்தவர் உயிர் போனாலும் அதை விடமாட்டார். இவர் விட்டார். 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார். 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டார்.

அந்த பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக் கொள்ளலாம் என்று ஊர் ஊராகப் பேசிக் கொண்டார்கள். நேரம் தவறாது. சாலையெல்லாம் லாட ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். அவை குத்தி டயர்கள் பாழாகும். காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் அய்யங்கார். டயர் விலை எவ்வளவு, அது எத்தனை நாள் உழைக்கும், கெட்டால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் பார்த்த மூளை அது. நிர்வாகப் படிப்பு படித்தவர்கள் இன்று செய்வதும் இதைத்தான். அவர் எந்தக் கல்லூரியிலும் அதைப் படிக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் சௌந்தரம்.

இடி

அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சௌந்தரராஜன் ஒரு டாக்டர். உறவுக்காரர். மனைவி படிக்க வேண்டும் என்று விரும்பியவர்.

மதுரையில் கொள்ளைநோய் பரவியது. பிளேக் என்றால் சொந்தக்காரர்களே வீட்டை விட்டு ஓடிய காலம். டாக்டர் ஓட முடியுமா? சௌந்தரராஜன் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். நோய் அவரையே தொற்றிக் கொண்டது. இறந்து போனார். சௌந்தரத்துக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

வைதிகக் குடும்பத்து விதவை. நூறு வருஷத்துக்கு முந்திய காலம். நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாது. நல்ல புடவை கூடாது. மறுபடி கல்யாணம் என்ற பேச்சே கூடாது. வீட்டில் பணம் இருந்தால் சோற்றுக்குக் கவலை இல்லை, அவ்வளவுதான். எத்தனையோ பெண்களின் வாழ்க்கை அந்த வயதிலேயே முடிந்து போனது.

சௌந்தரம் படிக்கப் போனார். பெற்றோர் துணை நின்றார்கள். மகளை இவ்வளவு தூரம் அனுப்புவதா என்று ஊர் கேட்டிருக்கும். டில்லியில் பெண்களுக்கென்று 1916-ல் தொடங்கிய லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி இருந்தது. சௌந்தரம் அங்கே சேர்ந்தார். புருஷனைக் கொண்டு போனது நோய். அந்த நோயோடு மல்லுக்கு நிற்கும் படிப்பையே அவர் எடுத்துக் கொண்டார். 1936-ல் டாக்டராக வெளியே வந்தபோது வயது 32.

ஒரு வருஷப் பரீட்சை

டில்லியில் கூடப் படித்தவர்களில் ஒருவர் சுசீலா நய்யார். பின்னால் காந்தியடிகளுக்கு வைத்தியராக இருந்தவர். அவர் மூலம் சௌந்தரத்துக்குக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. கோடீசுவரர் வீட்டுப் பெண் கதர் கட்டினார்.

ஜி. ராமச்சந்திரனும் இந்த வட்டத்தில் இருந்தவர்தான். கேரளத்து நெய்யாற்றின்கரைக்காரர். சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் படித்தவர். காந்தியடிகளின் சீடர். இருவரும் கல்யாணம் செய்து கொள்ள விரும்பினார்கள். பெண் விதவை. சாதி வேறு. மொழியும் வேறு. இந்த மூன்றில் ஒன்றே போதும், அந்த நாளில் ஊர் இரண்டுபட!

காந்தியடிகள் சட்டென்று சரி சொல்லிவிடவில்லை. ஒரு வருஷம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பிரிந்து இருக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் தாமே நடத்தி வைப்பதாகச் சொன்னார். வருஷம் போனது. மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் சேவாகிராம ஆசிரமத்தில், காந்தியடிகளும் கஸ்தூரிபா அம்மையாரும் முன்னிலை வகிக்கக் கல்யாணம் நடந்தது.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தது. கணவன் மனைவி இருவரும் அதில் ஈடுபட்டார்கள். 1944-ல் கஸ்தூரிபா சிறைக் காவலிலேயே காலமானார். அவர் நினைவாக, கிராமத்துப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் ஒரு நிதி திரட்டப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த வேலையைக் காந்தியடிகள் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார்.

இரண்டு கட்டில்

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. அதே வருஷம் அம்பாத்துரைக்கும் சின்னாளபட்டிக்கும் பக்கத்தில் காந்திகிராமம் பிறந்தது. சுற்று வட்டாரத்து மக்கள் ஆதரவு கொடுத்தார்கள். அம்மையார் ஒரு சின்ன வைத்தியசாலை திறந்தார். அதில் இருந்தது இரண்டே கட்டில். அதுதான் வளர்ந்து கஸ்தூரிபா ஆஸ்பத்திரி ஆனது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. திக்கற்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லம். பள்ளிக்கூடம். ஆசிரியர் பயிற்சி. கதர் நெசவு. கிராமக் கைத்தொழில்கள். மருந்து செய்யும் பிரிவு. பேச்சாளர்கள் இதையெல்லாம் சேவை என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்து விடுவார்கள். சொல்வது சுலபம். கட்டில் இரண்டாக இருந்தவரை டாக்டரே கணக்கு எழுதலாம். கட்டில் பெருகினால்? மருந்து இருப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நர்சுக்குச் சம்பளம் தேதியில் கொடுக்க வேண்டும். நூல் கொள்முதல் செய்ய வேண்டும். நெய்த துணியை விற்க வேண்டும். விற்காத துணியைப் பூச்சி அரிக்காமல் வைக்க வேண்டும். நன்கொடை வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பேரேட்டில் பதில் இருக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு தொடங்கிய எத்தனையோ கிராமத் தொழில்கள் நம் நாட்டில் படுத்துப் போனதற்குக் காரணம் எண்ணம் கெட்டது அல்ல, கணக்குத் தெரியாததுதான். ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு சங்கத்தில் 100 சோப்பு செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒன்றுக்கு அடக்க விலை 8 ரூபாய். விற்கும் விலை 9 ரூபாய். சோப்புக்கு ஒரு ரூபாய் லாபம் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் விற்றது 80 சோப்புதான். கையில் வந்தது 720 ரூபாய். போட்ட பணமோ 800. எண்பது ரூபாய் முழுகிப் போனது! வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும்போதுதான் இது தெரியும். அதையும் போடாத சங்கத்துக்கு, கதவைப் பூட்டும் நாளில்தான் தெரியும்.

சிறுமலை விவசாயிக்கும் இதே கதைதான். சிறுமலை வாழைக்குப் பழநிப் பஞ்சாமிர்தம் வரை பெயர் உண்டு. குதிரையில் ஏற்றிக் கீழே கொண்டு வருகிறார். மண்டியில் விலை சொல்பவர் வேறொருவர். பழத்தைத் திருப்பிக் கொண்டு போக முடியுமா? சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து மலை வாழையை அழித்தபோது, வாழையை மட்டுமே நம்பி இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

விலை என்ன, சந்தை எங்கே, நஷ்டம் வந்தால் தாங்குவது எப்படி என்று கற்றுக் கொடுக்கக் கிராமத்தில் யார் இருந்தார்கள்? படித்த பிள்ளை பட்டணத்துக்குப் போய் விட்டான். படிக்காத பிள்ளைதான் ஊரில் இருந்தான்.

பட்டம் இல்லாத படிப்பு

வணிகப் படிப்பு என்பது பட்டணத்துக்கென்றே பிறந்த படிப்பு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் கொடுத்த நன்கொடையால் 1881-ல் வணிகப் பள்ளி ஏற்பட்டது. நம் நாட்டில் பம்பாயில் 1913-ல் சிடன்ஹாம் கல்லூரி வந்தது. நிர்வாக மேல்படிப்புக்காக 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் நிலையங்கள் வந்தன. எல்லாம் பெரிய நகரங்கள். பெரிய கம்பெனிகளுக்கு ஆள் தயார் செய்யும் இடங்கள்.

கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத்திலேயே உயர் படிப்பு கொடுத்தால் என்ன என்ற யோசனை 1950-களில் டில்லியில் எழுந்தது. ஆராய ஒரு குழு போட்டார்கள். அதன் யோசனைப்படி நாட்டில் சில கிராமியக் கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றில் ஒன்று 1956-ல் காந்திகிராமத்துக்கு வந்தது. ராமச்சந்திரன் அதற்கு இயக்குநர் ஆனார். மூன்று வருஷப் படிப்பு. பெயர் கிராம சேவை டிப்ளமா. கூட்டுறவு, கணக்கு, கிராமத் தொழில், சமூக நலம் இப்படிப் பாடங்கள். வகுப்பில் படித்தால் மட்டும் போதாது. கிராமத்தில் போய்த் தங்க வேண்டும். பக்கத்திலேயே சின்னாளபட்டித் தறிகள். கூட்டுறவு என்றால் என்ன என்று காட்ட வெகு தூரம் போக வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சங்கடம் முளைத்தது. இது டிப்ளமா, பட்டம் அல்ல. பட்டத்துக்குச் சமம் என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. உத்தியோகத்துக்கு அது உதவியது. மேல்படிப்புக்குப் போனபோது, சேர்த்துக் கொள்ளப் பல சர்வகலாசாலைகள் தயங்கின. மூன்று வருஷம் படித்துவிட்டு, இது என்ன படிப்பு என்று போன இடத்திலெல்லாம் விளக்கம் சொல்லும் நிலை மாணவனுக்கு. காட்டை விற்று, நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த தகப்பன் கேட்பது ஒரே கேள்விதானே. பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? கிராம சேவை எவ்வளவு உயர்ந்தது என்று அவனிடம் பிரசங்கம் செய்து பயனில்லை. அவன் கேள்வியில் நியாயம் இருந்தது.

இந்தத் தயக்கத்தால் நாட்டின் சில கிராமிய நிலையங்கள் தங்கள் வழியையே மாற்றிக் கொண்டன; சாதாரணக் கல்லூரிகளாகி விட்டன. காந்திகிராமம் மாறவில்லை. இருபது வருஷம் பொறுத்தது.

மந்திரி அம்மாள்

இதற்கிடையில் அம்மையார் அரசியலிலும் இருந்தார். காங்கிரஸ் வேட்பாளராக நின்று 1952-ல் ஆத்தூர்த் தொகுதியிலும், 1957-ல் வேடசந்தூர்த் தொகுதியிலும் சட்டசபைக்கு ஜெயித்தார். 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். நேரு மந்திரிசபையில் கல்வித்துறை உப மந்திரி ஆனார். அதே 1962-ல் பத்மபூஷண் விருதும் வந்தது. 1967 தேர்தலில் காங்கிரசுக்கு எதிராக அடித்த அலையில் அவரும் தோற்றார். தோற்றவர் காந்திகிராமத்துக்குத் திரும்பினார். செய்ய வேலை அங்கே குறைவில்லாமல் இருந்தது.

பதவியை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. படிக்க வழி இல்லாத பெண்களை அவர் தேடிப் படிக்க வைத்தார். நிலமில்லாத ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்காகப் பின்னால் உலகப் புகழ் பெற்ற கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன் இந்தத் திண்டுக்கல் சீமையில் ஏழைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவர் கல்லூரிப் படிப்பு வரை போனதில் சௌந்தரம் அம்மையாரின் கை உண்டு.

தகப்பனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுந்தரம் அய்யங்கார் 1955-ல் காலமானார். அவருடைய பிள்ளைகள் அவர் தொழிலைப் பெருக்கினார்கள். பஸ்ஸும் லாரியும் உதிரிப் பாகங்களும் என்று அது விரிந்து கொண்டே போனது. மகள் கம்பெனி நடத்தவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியையும் பள்ளிகளையும் தொழில் கூடங்களையும் ஒரே நேரத்தில் நடத்தியவரை, நிர்வாகம் தெரியாதவர் என்று யார் சொல்ல முடியும்? அந்த வீட்டு ரத்தம் மலையடிவாரத்தில் வேறு விதமாக வேலை செய்தது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

பட்டம் வந்தது

1976-ல் மத்திய சர்க்கார் காந்திகிராமக் கிராமிய நிலையத்துக்குப் பல்கலைக்கழகத் தகுதி கொடுத்தது. இனி வேறு யாரிடமும் சமம் என்று சீட்டு வாங்க வேண்டியதில்லை. தானே பட்டம் கொடுக்கலாம். அதைப் பார்க்க அம்மையார் இருந்தார். அப்போது வயது 72.

பல்கலைக்கழகத் தகுதி வந்த பிறகு பாடங்கள் பெருகின. கூட்டுறவு நிர்வாகம் வந்தது. பி.பி.ஏ. வந்தது. பட்டணத்துக் கல்லூரியில் இருக்கும் அதே பெயர்தான். கணக்கியல், சந்தை இயல், சட்டம் இவையும் அதேதான். ஆனால் இங்கே கிராமத் தொழில்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எந்தப் பாடம் எடுத்த மாணவனானாலும் கிராமத்தில் போய்த் தங்கி அங்கிருப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் 1956-லிருந்து வந்தது. பெரிய கம்பெனியின் ஐந்தொகையைப் படிக்கக் கற்றவன், சின்னாளபட்டி நெசவாளி நூலுக்கு வாங்கிய கடனுக்கு எவ்வளவு வட்டி கொடுக்கிறான் என்றும் எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டாவது கணக்குத்தான் கஷ்டம். புத்தகத்தில் விடை இருக்காது.

இங்கே படித்தவர்கள் எல்லோரும் கிராமத்திலேயே தங்கி விட்டார்களா என்றால் இல்லை. பாங்கிக்குப் போனவர்கள் உண்டு, சென்னைக்குப் போனவர்கள் உண்டு, கடல் கடந்து போனவர்களும் உண்டு. படித்தவன் தன் வழியைத் தானே தேடிக் கொள்வான். அதைக் குறையாகச் சொல்ல முடியாது. நெசவாளி மகனும் தோட்டக்காரர் மகளும் ஊர் எல்லை தாண்டாமலே பட்டதாரி ஆக முடிந்ததே, அது 1947-ல் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் நம்பியிருக்கக் கூடிய விஷயமா?

சௌந்தரம் அம்மையார் 1984-ல் காலமானார். ராமச்சந்திரன் அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார். 2005-ல் தபால் இலாகா அம்மையார் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. இரண்டு கட்டிலில் தொடங்கிய ஆஸ்பத்திரி அவர் வைத்த கஸ்தூரிபா பெயரிலேயே இருக்கிறது. சின்னாளபட்டிச் சாலையில் போகிற பஸ்கள் காந்திகிராமத்தில் நின்று போகின்றன. புத்தகப் பையோடு பெண்கள் இறங்குகிறார்கள்.